இத்தா வீட்டு வாக்குமூலம்

உடவத்தைச் சந்திப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு தெரேசா வந்து இறங்கியது 1968ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில். மாத்தளையிலிருந்து வந்த பஸ் அவளையும் அவளுடைய தகரப் பெட்டியையும் மாமரத்தடியில் விட்டுவிட்டு, பல்லேபொலைப் பக்கம் புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்க அவள் நீட்டிய கடிதத்தை ஒரு தரம் வாசித்தார். பிறகு இன்னொரு தரம். கராம்புக் காலத்தில் களவு கூடும் என்று சொல்லி இரண்டு கொன்ஸ்டபிள்மார் வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். மேலிடம் ஒரு பெண்ணை அனுப்பியிருந்தது, மூன்று மாதப் பரீட்சார்த்தமாக.

"தமிழ் எழுத வருமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வரும் சேர். சிங்களமும் வரும். இங்கிலீஷும்."

"நல்லது," என்றார் அவர். பொல்லாத மனிதர் இல்லை. ஒரு பெண்ணுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். பழைய பைல்களை வருஷவாரியாக அடுக்கச் சொன்னார்.

இரண்டு வாரம் தெரேசா பைல் அடுக்கினாள். சந்திக் கடைகளில் இருந்த ஆண்கள் சைக்கிள் லாம்பு காணாமல் போனது, கோழி காணாமல் போனது என்று ஏதோ ஒரு சாட்டில் ஸ்டேஷனுக்குள் வந்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்கள் ரோட்டிலேயே நின்று எட்டிப்பார்த்தார்கள். உள்ளே ஒருத்தியும் வரவில்லை.

அவளுக்கு அலுப்பு வரத்தான் செய்தது. ஆனால் மனம் கசக்கவில்லை. அவளுடைய அப்பா ஹெர்பர்ட் சிலாபத்துக்காரர். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர். தெரேசா வளர்ந்தது அங்கேதான். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது தொழிலாளர் லயத்துப் பெண் ஒருத்தியை மண்டை உடைந்த நிலையில் டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தார்கள். விசாரிக்க வந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். அந்தப் பெண் தமிழில் அழுது அழுது சொன்னாள். பக்கத்தில் நின்ற கங்காணி அதை மொழிபெயர்த்தான். அவள் சொன்னது ஒன்று. கங்காணி சொன்னது வேறு. புத்தகத்தில் ஏறியது கங்காணி சொன்னது. பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற தெரேசாவுக்கு இரண்டு பாஷையும் விளங்கியது. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் பொலிஸ் ஆசை மனதில் விழுந்தது. அம்மா அந்தோனியம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தும் அது போகவில்லை.

மாசி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை ரவூப் முதலாளி ஸ்டேஷனுக்கு வந்தார். அந்தப் பக்கத்துக் கராம்பில் பாதி அவருடைய ஸ்டோருக்குள் போய்த்தான் வெளியே வரும். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் அவர்தான் முன்னுக்கு நிற்பவர். காய்ந்த கராம்பு இரண்டு மூட்டை காணவில்லை என்று முறைப்பாடு கொடுத்தார்.

"நேத்து ஜும்ஆ நேரம்தான் போயிருக்கு. நாங்க எல்லாரும் பள்ளியில. வேல செய்ற பொண்டுகள் சோறு தின்னப் போயிட்டாங்க. முத்தத்தில காவலுக்கு இருந்தது நோனா ஒருத்திதான். வேற யாரு எடுப்பா?"

நோனா சிங்களப் பெண். நாற்பது வயது. புருஷன் இல்லை. எட்டு வருஷமாக அந்த முற்றத்தில் உட்கார்ந்து கராம்பு மொட்டைக் காம்பிலிருந்து உடைத்துப் பிரிக்கிற வேலை. அவளுடைய வீட்டைச் சோதனை போட வேண்டும். பெண் தனியாக இருக்கிற வீடு. இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பி அலுமாரிப் பக்கம் பார்த்தார்.

"தெரேசா, நீயும் வா."

அந்த வீட்டில் இரண்டு பாய், ஒரு பெட்டி, ஒரு புத்தர் படம், நாலு பானை. பெட்டிக்குள் இருந்த உடுப்புகளை ஆண்கள் கிளறாமல் தெரேசா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மடித்தது மடித்தபடியே திரும்ப வைத்தாள். ஒரு பிடி கராம்புக் காம்பு தவிர அங்கே ஒன்றும் இல்லை. காம்பை வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் பல்வலிக்கு எடுத்துப் போவார்கள். முதலாளிக்கும் அது தெரியும். நோனா சுவரோடு ஒட்டி நின்றாள். அழவில்லை. தெரேசாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேறு சாட்சி இல்லை. இன்ஸ்பெக்டர் அவளை வீட்டுக்குப் போகவிட்டார். ஆனால் விசாரணை முடியும்வரை தினம் காலை ஸ்டேஷனுக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்றார். முதலாளி வேலையை நிறுத்தினார். திங்கட்கிழமைக்குள் சந்திக் கடையில் ஒருவன் அவளுக்குக் கேட்கும்படியாகவே "கராம்பு வாசம் வருது" என்று சொல்லிச் சிரித்தான்.

அன்று காலை நோனா வந்தபோது தெரேசா தன்னுடைய தேத்தண்ணியில் பாதியை இன்னொரு கோப்பையில் ஊற்றி அவளிடம் கொடுத்து, சுவரோர மர வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோனா ஒரு மிடறு குடித்தாள்.

"ஒரு விஷயம் இருக்கு," என்றாள் மெதுவாக, சிங்களத்தில். "அன்னைக்கு நான் தண்ணி அள்ளக் கிணத்தடிக்குப் போனேன். ஸ்டோருக்குப் பின்னால பதுர்தீன் மாத்தயாட வீடு இருக்கே, அந்த வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. ஒரு கையும் தெரிஞ்சது. ஸ்டோர்ப் பின்கதவு அந்த ஜன்னலுக்கு நேரே. யார் வந்ததுன்னு அங்கே இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இத ஏன் சனிக்கிழமையே சொல்லல்ல?"

"அந்த அம்மா புருஷன் செத்து வெள்ளை உடுத்து உள்ளே இருக்கிறாள். அவளை அத்தனை ஆம்பிளைகள் முன்னால எப்படி இழுக்கிறது?"

தெரேசா அவளை ஒரு கணம் பார்த்தாள். திருட்டுப் பழியைத் தலையில் சுமந்துகொண்டிருக்கிற பெண், அறிமுகமில்லாத இன்னொரு பெண்ணின் மானத்துக்காக மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

உடனே இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் சார்ஜன் ஸஹாப்தீனை அனுப்பினார். ஸஹாப்தீன் மலாய்க்காரர், முப்பது வருஷ சேவை. மலாய், சிங்களம், தமிழ் மூன்றும் தடையில்லாமல் வரும். ஊர் முஸ்லிம்களோடு அதே பள்ளியில் தொழுகிறவர். அவர் போனால் கதவு திறக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"வாசல்லயே நிறுத்திட்டாங்க சேர். பதுர்தீனோட பெண்சாதி ஹமீமா இத்தாவில இருக்காங்க. புருஷன் மௌத்தாகி நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பிளங்க கண்ணில படாம இருக்கணும். குரல் கொடுக்கவும் மாட்டாங்க. நான் கேட்டது பிழைன்னு எனக்கே வெக்கமாப் போச்சு."

"எப்ப முடியும்?"

"இன்னும் ஏழு வாரம் இருக்கு."

இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் வைத்தார். ஏழு வாரத்துக்கு நோனாவை இந்த வாங்கில் உட்கார வைக்க முடியாது. பின்னால் ஜன்னல் இருக்கிறது என்பதற்காக அவளை விட்டுவிடவும் முடியாது. முதலாளி சும்மா இருக்க மாட்டார்.

"சேர்," என்றாள் தெரேசா. "நான் ஆம்பிள இல்லியே."

சார்ஜன் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். இவ்வளவு லேசான விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்ற கூச்சம் அந்தச் சிரிப்போடு கலந்திருந்தது. "நாளைக் காலைல போ," என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு தெரேசா அந்தக் கதவைத் தட்டினாள். சார்ஜன் துணைக்கு வந்து, வேலிக்கு வெளியே, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கதவு பாதி திறந்தது. பதுர்தீனின் அக்கா பீபி. அறுபதைத் தாண்டியவள், ஒல்லி, முக்காட்டுக்குள் கண் இரண்டும் ஊசியாக இருந்தன.

"யாரு நீ?"

"பொலிஸ் ஸ்டேஷன்ல இருந்து வர்றேங்கம்மா. தெரேசா."

"பொம்புளயா?"

"பொம்பளதாங்க."

"தொப்பிய எடு பாப்பம்."

தெரேசா தொப்பியை எடுத்தாள். பீபி கொண்டையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வேதக்காரப் புள்ளயா?"

"ஆமாங்க."

"கலியாணம் முடிச்சாச்சா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"பொலிஸ்ல சேந்துட்டேனுங்க."

"சரி, வா," என்று பீபி கதவை முழுசாகத் திறந்தாள். "அந்த சார்ஜன் மனுசன ரோட்டில நிக்காம பலாமரத்தடியில நிக்கச் செல்லு. சப்பாத்த இங்க கழட்டு."

ஹமீமா இருந்த அறை வீட்டின் பின்பக்கம். ஒரு கட்டில், ஒரு பாய், தொழுகைப் பாய் ஒன்று சுருட்டி மூலையில். ஹமீமாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வெள்ளைச் சேலையில் முகம் இன்னும் வெளிறித் தெரிந்தது. பதுர்தீன் சந்தியில் துணிக்கடை வைத்திருந்தவர். ஒரு காய்ச்சலில் பத்தே நாளில் போய்விட்டார். பீபி திரைச்சீலையை இழுத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

தெரேசா கட்டிலில் உட்காராமல் பாயில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். நோட்டுப் புத்தகத்தை மடியிலேயே மூடி வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். பிறகு, லாத்தா என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்:

"வெள்ளிக்கிழம பகல் இந்த ஜன்னல் தொறந்திருந்திச்சா லாத்தா?"

ஹமீமாவின் கண் திரைச்சீலைப் பக்கம் போய் வந்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மதினிக்குக் கேக்கப்படாது," என்றாள்.

"மெதுவாவே பேசுங்க."

"புதுசில ஒன்டும் தெரியல்ல. அழுதழுதே நாள் போச்சு. பொறவு அழுகையும் ஓஞ்சு போச்சு. இந்த நாலு செவருதான். பகலானா ஸ்டோர் முத்தத்தில பொண்டுகள் கராம்பு உடைக்கிற சத்தம் கேக்கும். சிரிப்பாங்க, சண்ட புடிப்பாங்க. அதக் கேக்க ஜன்னல்ப் பலகய இவ்வளவு தொறப்பன்." விரலால் அளவு காட்டினாள். "ஆம்பிளயப் பாக்க இல்ல. அல்லாஹ் அறிவான். ஆனா இத்தாவில இரிக்கிறவ ஜன்னல்ல நிண்டான்னு ஊருல ஒரு பேச்சு வந்தா, எனக்கு முகம் ஏது?"

"நான் ஊருக்கு எழுத வரல்ல லாத்தா. அன்னைக்கு அந்தப் பின்கதவுல என்ன பாத்தீங்களோ, அத மட்டும் எழுதுவேன். வேற நாளப் பத்தி நான் கேக்கவும் மாட்டேன். பொலிஸுக்கு அது தேவையும் இல்ல."

ஹமீமா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"பாத்தது வேத்தாளா இருந்தா நேத்தே செல்லி அனுப்பியிருப்பன். அது ஸரீனாட புருசன்."

ஸரீனா ரவூப் முதலாளியின் ஒரே மகள். அவளுடைய புருஷன் புஹாரி மாமனாரின் ஸ்டோரிலேயே வேலை பார்ப்பவன். பதுர்தீன் இறந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் ஸரீனா இந்த வீட்டுக்கு ஒரு பாத்திரம் கறி அனுப்புகிறாள் என்று ஹமீமா சொன்னாள். சொல்லும்போது கண் கலங்கியது.

"அவட சோத்தத் தின்டுட்டு அவட மாப்பிளய நான் காட்டிக் குடுக்கவா?"

தெரேசா அவசரப்படுத்தவில்லை. வெளியே ஸ்டோர் முற்றத்தில் பெண்கள் பேசிக்கொள்ளும் சத்தம் லேசாகக் கேட்டது.

"காட்டிக் குடுக்கச் சொல்ல நான் வரல்ல. ஆனா லாத்தா, நோனா மூணு நாளா ஸ்டேஷன் வாங்கில வந்து உக்கார்றாங்க. வேல போயிடுச்சு. கடைத்தெருவுல கள்ளின்னு கேலி பண்றாங்க. ஜன்னல் தொறந்திருந்தது தெரிஞ்சும் அவங்க மூணு நாள் சொல்லல்ல. ஏன்னு கேட்டா, நீங்க வெள்ள உடுத்தி இருக்கிறீங்களாம், உங்கள ஆம்பிளங்க முன்னால இழுக்கப்படாதாம்."

ஹமீமா நிமிர்ந்தாள். "நோனாவா? அந்தப் பாட்டுப் பாடுறவளா?"

"பாடுவாங்களா?"

"அந்திக்குக் கூட்டும்போது சிங்களப் பாட்டு ஒன்டு பாடுவா. எனக்கு அது மனப்பாடம். மூணு நாளாக் கேக்கல்ல. நான் வேற ஊருக்குப் போயிருப்பாள்னு நெனச்சன்." விரலில் சுற்றியிருந்த தலைப்பை அவிழ்த்துவிட்டாள். பிறகு, "எழுதுங்க," என்றாள். "புஹாரி சைக்கிள்ல ஒரு மூட்டய வெச்சித் தள்ளிட்டுப் போனான். பாங்கு செல்லி முடிஞ்ச பொறவு. ஆம்பிளச் செருமல் கேட்டுப் பலகய மூட எழும்பினன். அப்பதான் கண்ணில பட்டிச்சி."

தெரேசா எழுத ஆரம்பித்து, இரண்டு வரியில் நிறுத்தினாள். ஸ்டேஷனில் எல்லாம் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். கை பழக்கத்தில் அப்படியே தொடங்கியிருந்தது. எதிரே இருந்தவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரேசா அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பி, அவள் சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதினாள். எழுதி முடித்து மெதுவாக வாசித்துக் காட்டினாள்.

"எத்தன மூட்டன்னு செல்லணுமா?"

"பாத்தத சொல்லுங்க."

"ஒன்டுதான் பாத்தன். பொறவு மூடிட்டன்."

"ரெண்டு," என்றது திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

இருவரும் திரும்பினார்கள். பீபி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மறுதரமும் வந்தான். மத்த மூட்டயயும் ஏத்தினான். நீலக் கோடு போட்ட சாரன். செருப்பு இல்ல. அதயும் எழுதிக்க."

ஹமீமா வாய் பிளந்தாள். "மதினி! நீங்களும் பாத்தீங்களா?"

"குசினி ஜன்னலும் அந்தப் பக்கந்தானே. கண்ணு இருந்தாப் பாக்காதா?"

"அப்ப நேத்து சார்ஜன் வந்தப்போ ஏன்மா சொல்லல்ல?" என்று தெரேசா கேட்டாள்.

பீபி இடுப்பில் கையை வைத்தாள். "அவரு ஹமீமாவ எங்கன்டுதான் கேட்டாரு. என்னக் கேக்கல்லயே! முதலாளிட மருமகன்ட விஷயத்த, கேக்காத மனுசனுக்கு நானா வலியப் போயி செல்லணும்?"

தெரேசாவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் ஹமீமாதான் முதலில் சிரித்தாள், வாயைச் சேலையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க. புருஷன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்ததாகப் பீபி பிறகொரு நாள் தெரேசாவிடம் சொன்னாள். தெரேசா இன்னொரு தாளை எடுத்துப் பீபியின் வாக்குமூலத்தையும் எழுதினாள். பீபி பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். ஹமீமா பேனாவை வாங்கி வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழ்ல இருக்கே."

"அவங்க சொன்னது தமிழ்ல சேர். வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். சிங்களத்துல எழுதி அடியில வெச்சிருக்கேன்."

"இது என்ன எழுத்து?"

சார்ஜன் குனிந்து பார்த்தார். "அரபு எழுத்து சேர். எங்க வீட்டுப் பெண்களும் இதுலதான் எழுதுவாங்க. ஹமீமான்னு சுத்தமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் எல்லாத் தாளையும் சேர்த்து ஊசி குத்தினார். சிங்களத் தாளை இரண்டாம் தரம் நிதானமாக வாசித்தார். "சைக்கிள் எந்தப் பக்கம் போச்சுன்னு கூட கேட்டிருக்கிறாய்," என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது என்று தெரேசாவுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

சைக்கிள் போனது பல்லேபொலைப் பக்கம். புஹாரியின் அண்ணன் வீடு அங்கேதான். புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டரும் சார்ஜனும் தெரேசாவும் போனபோது, கொல்லைப்பக்கத்தில் நாலு பாய் விரித்து, புஹாரி குந்தியிருந்து கராம்பைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தான். காக்கியைப் பார்த்ததும் கையிலிருந்த கராம்பைப் பாயிலேயே போட்டான்.

களவு இல்லை. போன புதன்கிழமை பெய்த மழையில் ஸ்டோர்க் கூரையின் தகரம் ஒன்று விலகியிருந்திருக்கிறது. அதை இழுத்துக் கட்டச் சொல்லி மாமனார் அவனிடம்தான் சொல்லியிருந்தார். மறந்துவிட்டான். இரண்டு மூட்டை நனைந்து, கராம்பு வெளிறிப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மாமனார் கண்ணில் படுமுன் கொண்டுபோய்க் காயவைத்துத் திரும்பக் கொண்டுவந்து அடுக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் வானம் மூடியிருந்தது.

ஸ்டேஷனில் ரவூப் முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். முகம் கறுத்தது. முதலில் அவர் கேட்டது வேறு ஏதோ:

"அப்ப ஜும்ஆவுக்கும் நீ வரல்லியா?"

"இல்ல மாமா," என்றான் புஹாரி, தரையைப் பார்த்து.

"நோனா மேல பழி விழுந்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மாமாவுக்குப் பயம் சேர்."

தெரேசாவை யாரும் பேசச் சொல்லவில்லை. ஆனாலும் பேசினாள். "நோனாவுக்குப் பயம் இருக்காதா? வீட்டுக்குள்ள பொலிஸ் பூந்து பெட்டியக் கிளறினப்போ அவங்க செவரோட ஒட்டிக்கிட்டு நின்னாங்க. நான்தான் கிளறினேன்."

புஹாரி அழுதுவிட்டான். முதலாளி மருமகனைப் பார்க்கவில்லை. வெளி வாங்கில் உட்கார்ந்திருந்த நோனாவைப் பார்த்தார். அவர் முரட்டு மனிதர்தான், ஆனாலும் பிழையைப் பிழை என்று ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர். எழுந்து வெளியே போய், அவளுக்கு முன்னால் நின்று, முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகவும் நாளையே வேலைக்கு வரலாம் என்றும் சிங்களத்தில் சொன்னார்.

நோனா எழும்பவில்லை. "இங்கே சொன்னா எனக்கும் இந்த மிஸ்ஸுக்கும்தான் கேட்கும்," என்றாள். "கள்ளின்னு சொன்னது சந்திக் கடையில. அங்கே வந்து சொல்லுங்க முதலாளி."

முதலாளி இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஏதோ பைலைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். சார்ஜன் மீசையைத் தடவினார்.

அன்று பின்னேரம் சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்: ரவூப் முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார், பின்னால் புஹாரி, வாசலில் நோனாவும் தெரேசாவும். கராம்பை யாரும் எடுக்கவில்லை, நனைந்ததை எங்கள் வீட்டு மருமகன்தான் கொண்டுபோனான், நோனா மேல் சொன்னது என் பிழை என்று அவர் சிங்களத்தில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் சொன்னார். 'கராம்பு வாசம்' என்று சிரித்தவன் தன் கோப்பைக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டான். நோனா கேட்டு முடித்துத் தலையை ஒரு தரம் அசைத்தாள். பிறகு, கூரைத் தகரத்தை ஒழுங்காகக் கட்டினால்தான் வருவேன், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கும் என்னைத்தான் சொல்வீர்கள் என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார், கொஞ்சம் தாமதித்து. தகரத்தைப் புஹாரியே ஏறிக் கட்டினான்.

ஸரீனா கறி அனுப்புவதை நிறுத்திவிடுவாள் என்று ஹமீமா பயந்தாள். இரண்டு நாள் வரவில்லைதான். மூன்றாம் நாள் ஸரீனாவே பாத்திரத்தோடு வந்தாள். புருஷனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்து, அழுது, ஹமீமாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். இதையெல்லாம் தெரேசாவுக்குச் சொன்னது பீபி. அவள் அதற்குள் ஸ்டேஷனுக்கு வழி கற்றுக்கொண்டிருந்தாள். முதலில் பக்கத்து வீட்டு ஆடு முருங்கையைத் தின்றது என்று வந்தாள். அடுத்த தரம் தனியாக வரவில்லை, இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கிழமையே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து நாலு பெண்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆறு மைல் நடந்து வந்து, "தமிழ்ல எழுதுற அம்மா இருக்காங்களாம்" என்று வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி நெற்றியில் கட்டோடு இருந்தாள். தெரேசா அவளை உட்காரவைத்து, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினாள். நடுவில் பேச யாரும் இல்லை.

இன்ஸ்பெக்டர் பழைய சைக்கிள் அறையைக் காலிசெய்து, வெள்ளையடித்து, வாசலுக்கு ஒரு திரைச்சீலை போடச் சொன்னார். மேலிடத்துக்கு அவர் எழுதிய கடிதத்தின் பிரதியைப் பைலில் போடும் வேலை தெரேசாவுக்குத்தான் வந்தது. பெண் கொன்ஸ்டபிளை மூன்று மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டாம் என்றும், இயலுமானால் தமிழ் தெரிந்த இன்னொரு பெண்ணும் தேவை என்றும் எழுதியிருந்தார். பதில் பங்குனிக் கடைசியில் வந்தது: இவளை எடுக்க மாட்டோம், இன்னொருத்தியைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அதுவே போதும் என்று தெரேசாவுக்குப் பட்டது. அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். அம்மா பதிலோடு ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினாள்.

சித்திரை பிறக்குமுன் ஒரு பகல், சார்ஜனோடு ரோந்து போகும்போது தெரேசா ஸ்டோர் முற்றத்தைக் கடந்தாள். கராம்புக் காலம் முடிகிற நேரம். கடைசி அறுவடை பாய்களில் சிவந்து கிடந்தது. பெண்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நோனா. அவளுக்குப் பக்கத்தில் ஹமீமா. இத்தா முடிந்து முதல் கிழமை. சும்மா பொழுதுபோக்குக்கு வந்ததாகச் சொன்னாலும் மடியில் ஒரு சுளகு மொட்டு இருந்தது.

"இங்க வாங்க, ஒரு வழக்கு இருக்கு," என்று கூப்பிட்டாள் நோனா. "ஆம்பிளை கொன்ஸ்டபிளை ராலஹாமின்னு கூப்பிடுறோம். உங்களை எப்படிக் கூப்பிடுறது? நாங்க காலைல இருந்து சண்டை."

"தெரேசான்னே கூப்பிடுங்க."

"பொலிஸ பேர் செல்லிக் கூப்புட ஏலுமா?" என்றாள் ஹமீமா.

"பொலிஸ் அக்கான்னா?" என்றாள் ஒருத்தி.

"என்னை விட வயசு குறைவு. நான் எப்படி அக்கான்னு கூப்பிடுறது?" என்றாள் நோனா.

பேச்சு தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாறி மாறிப் போய் எங்கும் முடியவில்லை. சார்ஜன் நிழல் தேடிப் பலாமரத்தடிக்குப் போய்விட்டார். ஸரீனா உள்ளிருந்து தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். தெரேசா தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நோனா ஒதுக்கிக் கொடுத்த பாயின் நுனியில் உட்கார்ந்தாள்.